முகத்தைத் தூக்கும் பட்டன்

படம் பார்க்க வந்த நாற்பது பேரில் ஒருத்தர்கூடப் பயப்படவில்லை.

சிரிப்புப் படமாக இருந்தால் போனால் போகிறது என்று விடலாம். இது பேய்ப் படம். விருந்துக்குக் கூப்பிட்டு, வந்தவர்களைப் பசியோடு அனுப்பிய கதையாகிவிட்டது. விளக்கைப் போட்டதும் முன்வரிசைப் பெரிய மனிதர் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். இரண்டு பெண்கள் செருப்பைத் தேடிக்கொண்டே நாளைக்கு என்ன சமைப்பது என்று பேசிக்கொண்டார்கள். கருத்து எழுதக் கொடுத்த அட்டைகளை வாசலில் நின்று வாங்கிய, படத்தை எடுத்த சின்ன டைரக்டர் முதல் அட்டையைப் படித்தாள், இரண்டாவதைப் படித்தாள், மூன்றாவதைப் படிக்கவில்லை.

கடைசி வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த கலர் அக்காவிடம் ஓர் அட்டையை நீட்டினாள்.

"படிங்கக்கா."

'கண்ணாடி கண்ணாடி என்று அரைமணி நேரம் காட்டுகிறீர்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?' என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது.

கலர் அக்கா அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். அந்தக் கண்ணாடிக்கு நிறம் பார்த்தவள் அவள்தான்.

ஊரைவிட்டு வந்து பதினான்கு வருஷமாக அவளுக்கு இதே ஸ்டூடியோ, இதே வேலை. ஒரே காட்சியைக் காலையில் பாதி, சாயங்காலம் பாதி என்று எடுத்துவிட்டு வருவார்கள். அந்த இரண்டு வெயிலையும் ஒரே வெயிலாக்குவது, மங்கிய முகத்தைத் தெளிய வைப்பது, வானத்துக்கு நீலம் ஊற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. பெயர் வந்த விதம் வேறு. சேர்ந்த புதிதில், அந்த இடத்திலேயே அவள்தான் கருப்பு என்பதால், சவுண்டு பார்க்கிறவர் ஒருநாள் "வழி விடுங்கப்பா, கலர் வருது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். சிரிப்பு தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. இப்போது போனை எடுத்தால் அவளே "கலர் அக்கா பேசறேன்" என்கிறாள்.

படத்தின் கதை சின்னதுதான். நல்ல வேலை கிடைத்து ஒரு பெண் நல்ல அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் குடி வருகிறாள். அங்கே கருப்பாக இருப்பவள் அவள் ஒருத்திதான். யாரும் திட்டவில்லை, முறைக்கவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள். "எங்கேருந்து வர்றீங்க?" என்கிறார்கள். சொன்னால், "இல்ல, அதுக்கு முன்னாடி?" என்கிறார்கள். லிஃப்டில் ஒரு கண்ணாடி. முதல் நாள் அதில் அவள் முகம் ஒரு பொட்டு வெளுத்துத் தெரிகிறது. மறுநாள் இன்னொரு பொட்டு. கண்ணாடி வெளுக்க வெளுக்கப் பக்கத்து வீட்டார் அன்பு பொங்கி வழிகிறது. பூங்கொத்து வருகிறது. 'நீங்க அந்த மாதிரி ஆள் இல்லன்னு எங்களுக்கு முதல்லயே தெரியும்' என்று எழுதிய வாழ்த்து அட்டை வருகிறது. ஏழாம் நாள் லிஃப்ட் கதவு திறந்ததும் கண்ணாடியில் இருந்தவள் வெளியே நடந்து போகிறாள். நிஜப் பெண் உள்ளேயே நிற்கிறாள். வெளியே போனவளை எல்லாரும் கட்டிக்கொள்கிறார்கள். கதவு மூடிக்கொள்கிறது.

அவ்வளவுதான். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. நிஜ முகத்துக்கும் கண்ணாடி முகத்துக்கும் நடுவே நாளுக்கு நாள் விரிகிற அந்த இடைவெளிதான் பேய்.

"இதையே அழுகைப் படமா எடுத்தா, 'ச்சே, நான் இப்படியெல்லாம் இல்லப்பா'ன்னு நிம்மதியா எழுந்து போயிடுவாங்க அக்கா" என்று வேலை ஆரம்பித்த அன்று சின்ன டைரக்டர் சொல்லியிருந்தாள். "பேய்ப் படம்னா அப்படி முடியாது. முதல்ல அந்த அட்டையைப் பார்த்துச் சிரிப்பாங்க. சிரிச்சப்புறம்தான், 'ஐயையோ, இதை நானும் யார்கிட்டயோ சொல்லியிருக்கேனே'ன்னு தோணும். அப்போ கதவை மூடிடணும்."

கதவு மூடத்தான் செய்தது. ஆனால் உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை.

*

மறுநாள் காலை ஒன்பதரைக்கு முதலாளி அறையில் கூடினார்கள். ஸ்டூடியோவும் அவருடையது, படத்துக்குப் பணம் போட்டவரும் அவர்தான். மேஜைமேல் ஒரு நீல ஃபைல் கிடந்தது. கலர் அக்காவின் கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது. அவளும் மகளும் இந்த நாட்டில் இருப்பதற்கான தாள்கள் அதில் இருந்தன. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதக் கடைசியோடு கெடு முடிகிறது.

"நாலு மணிக்கு மேடம் வர்றாங்க" என்றார் முதலாளி. நகரத்துத் தியேட்டர்களில் பாதியைக் கையில் வைத்திருக்கும் அம்மாள் அவர். "அவங்க வாங்கலைன்னா படம் பெட்டிக்குள்ளதான் தூங்கும். அதனால முடிவை மாத்தறேன்."

"எந்த முடிவு?" என்றாள் சின்ன டைரக்டர்.

"கடைசி நாள் பாதுகாப்புக்குன்னு ஒண்ணு எடுத்தோமே. பேய் ஓட்டறவர் வருவார், லிஃப்டைத் திறப்பார், பார்த்தா அந்தப் பொண்ணுதான் பேய். செத்து இருபது வருஷம் ஆச்சு. முகத்தை நல்லா கருப்பாக்கிட்டு, கண்ணு மட்டும் வெள்ளையா விட்டுட்டா பின்வரிசைக்காரன்கூடக் கத்துவான்."

சின்ன டைரக்டர் எழுந்தே விட்டாள். உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட நின்றபோது பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, அத்தனை குள்ளம். "சார், யாரைப் பார்த்து பயப்படறது தப்புன்னு சொல்ல வந்தோமோ, அவளையே பேயாக்கறீங்க. படம் தலைகீழா போயிடும்."

"தலைகீழா நின்னாலும் ஓடினா போதும்மா."

"ஷூட்டிங்ல என் கண்ணால பார்த்தேன் சார். அவ முகம் தனியா, கண்ணாடி தனியா, உடம்பு சிலிர்த்துது. இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்கு. எங்கயோ தப்பு நடந்திருக்கு."

"எங்க? நம்ம அக்கா கை வச்ச இடத்துல தப்பா?" முதலாளி சிரித்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கலர் அக்காவின் மகளுக்கு அம்மை போட்டபோது சம்பளத்தோடு பத்து நாள் விடுப்புக் கொடுத்தவர். "பன்னண்டு மணி வரைக்கும் டைம் தர்றேன். கண்ணாடியை இன்னும் கொஞ்சம் வெளுக்க வச்சுப் பாருங்க. சரியா வரலைன்னா பேய்தான்."

*

அக்காவின் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர், மேஜை, நாற்காலி எல்லாம் சாம்பல் நிறம். வெளியே சுள்ளென்று வெயில் அடித்தாலும் உள்ளே ஒரே மாதிரி மங்கல்தான். கண்ணை எதுவும் ஏமாற்றக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

திரைக்கு வலப்பக்கம் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. முடியை இழுத்துக் கட்டிய, ரோஜாக் கன்னம் வைத்த ஒரு வெள்ளைப் பெண். யார், எந்த ஊர், இருக்கிறாளா இல்லையா, யாருக்கும் தெரியாது. அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் வந்ததும் அவளைத் திரையில் கொண்டுவந்து கன்னம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவள் சரியாக இருந்தால் உலகமே சரி. முதலாளி உள்ளே வரும்போது வணக்கத்துக்குப் பதில், "மகாராணி நல்லா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்.

இருவரும் கண்ணாடியை வெளுக்க வைத்துப் பார்த்தார்கள். மாவில் விழுந்த மாதிரி ஆயிற்று.

"பல்பொடி விளம்பரம்" என்றாள் சின்ன டைரக்டர். பிறகு, "நான் கொஞ்சம் வெளிய நிக்கறேன்க்கா" என்று போனாள். போன வேகத்திலேயே, அழப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

கலர் அக்கா தனியாக உட்கார்ந்தாள். சரி, கேமராவிலிருந்து வந்தபடி, கைபடாத படத்தை எடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. ஐந்தாம் நாள் லிஃப்ட் காட்சியைக் கூப்பிட்டாள்.

படம் திரைக்கு வர ஒரு கண்சிமிட்டும் நேரம் ஆகும். அந்த நேரத்துக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

யார் என்று திரும்பிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. குனிந்தாள். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் நிறம் மாற்றும் பட்டன்கள் பதித்த மேஜைப் பலகையின் மூலைப் பட்டன்மேல் உட்கார்ந்திருந்தது.

முதுகில் பச்சைத் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது.

அந்தப் பட்டனுக்கு 'முகம்' என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவளே செய்து வைத்தது. ஸ்டூடியோ பாஷையில் முகத்தைத் தூக்குவது என்றால் கோபித்துக்கொள்வது இல்லை, வெளுக்க வைப்பது. "முகத்தைத் தூக்கும்மா, முகத்தைத் தூக்கும்மா" என்று முதலாளி ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் நின்று சொன்னார். சொல்லிச் சொல்லி அலுக்கிறாரே என்று, ஒரே அழுத்தலில் முகத்தைத் தேடிப் பிடித்து மகாராணி பக்கம் நாலு படி நகர்த்துகிற மாதிரி அமைத்துவிட்டாள். தட்டினால் அந்த ஷாட்டில் அப்படியே பதிந்துவிடும், அமுக்கிப் பிடித்தால் பிடித்திருக்கும்வரை மட்டும் மாறும். "கெட்டிக்காரி" என்றார். பதினான்கு வருஷம். படம் வருமுன்னே விரல் போய் அழுத்திவிட்டு வந்துவிடுகிறது. கண்ணுக்கு அந்த விஷயமே தெரியாது.

விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் காட்சியை மறுபடி கூப்பிட்டாள்.

திரையில் அந்தப் பெண் நின்றாள். நல்ல ஆழமான கருப்பு. நெற்றியில் லிஃப்ட் விளக்கு எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னியது. பக்கத்தில் கண்ணாடிக்குள் இன்னொருத்தி, வேறு யாரோ, சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கைமயிர் நட்டுக்கொண்டது.

பட்டனை அழுத்தினாள். நிஜப் பெண் மேலே ஏறிப் போய்க் கண்ணாடிக்காரியோடு சேர்ந்துகொண்டாள். பேய் போய்விட்டது. விட்டாள். வந்துவிட்டது.

நாற்பது பேர் கொட்டாவி விட்டதற்குக் காரணம் இந்த ஒரு விரல்தான். தொள்ளாயிரம் ஷாட். தொள்ளாயிரத்திலும் அழுத்தியிருக்கிறது.

பக்கத்தில் இன்னொரு பட்டனும் இருந்தது. அதன் பெயர் 'பேய்'. எத்தனையோ படத்துக்கு உதவியது. முகத்தைக் கீழே, கீழே, இருட்டுக்குள் இறக்கிவிடும். என்னவோ தோன்றி, மகாராணியைத் திரைக்குக் கொண்டுவந்து 'பேய்' அழுத்தினாள். ரோஜாக் கன்னம் மங்கி, பழுப்பாகி, கருத்து ஓரிடத்தில் வந்து நின்றது. அந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். திரைக்கு முன்னால் மேஜைமேல் அவளுடைய கை கிடந்தது. கையைத் தூக்கித் திரையோரம் வைத்தாள்.

ஒரு இம்மி வித்தியாசம் இல்லை.

பதினான்கு வருஷமாக ஊரைப் பயமுறுத்த அவள் எடுத்துக் கொடுத்த நிறம், தினமும் சோறு பிசைகிற தன் கையின் நிறம்தான். அவளிடம் யாரும் அப்படிச் செய் என்று சொல்லவில்லை. 'பயமா ஒரு கலர் வை' என்றார்கள். அவ்வளவுதான்.

போன மாதம் பதினாறு வயது மகள் கேட்டது ஞாபகம் வந்தது. "பெரியம்மாவுக்கு என் போட்டோன்னு ஒண்ணு அனுப்பறியே, அந்தப் பொண்ணு யாரும்மா? நல்லா இருக்கா. பேசாம அவளையே வளர்த்துக்கோ." வாய்த்துடுக்கு என்று திட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போயிருந்தாள்.

எழுந்து போய் மகாராணியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். நடைபாதையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற சின்ன டைரக்டரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"தப்பு என் கையில. வா, காட்டறேன்."

பார்த்து முடித்ததும் சின்ன டைரக்டர் தானே ஒரு தடவை பட்டனை அமுக்கி விட்டுப் பார்த்தாள். பிறகு, "மூணு வாரம் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். எனக்கே தெரியல" என்றாள். "சார்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க? உங்க தாள்..."

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். ஒல்லிக்குப் போன் போடு. உடனே வரச் சொல்லு."

*

ஒல்லி என்பது கதாநாயகி. முதல் படம். மூன்று தெரு தள்ளி ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். படம் வெளிவரும் வரைக்கும் வயிறு சும்மா இருக்காதே. கடைச் சீருடையோடு, கால் அளக்கிற பட்டையைக் கழுத்தில் போட்டபடியே வந்து நின்றாள்.

"என்னைப் பேயாக்கப் போறாங்களாமே? டைரக்டர் போன்ல சொன்னாங்க."

"ஆக்க விடமாட்டேன்" என்றாள் கலர் அக்கா. "ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். படம் முழுக்க உன் முகத்தை நான் வெளுக்க வச்சிருக்கேன். வேணும்னு செய்யல. பழக்கம். மன்னிச்சுக்கோ."

ஒல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியும்க்கா. ட்ரெய்லர் பார்த்துட்டு எங்க மாமா போன் பண்ணினாரு. 'என்னடி, அங்க தண்ணி நல்ல தண்ணி போல'ன்னாரு. நான்கூட தண்ணிதான்னு நினைச்சுட்டேன்."

மூவரும் சிரித்தார்கள். முதலில் சிரிப்பை நிறுத்தியது ஒல்லிதான்.

பட்டனைத் தொள்ளாயிரம் ஷாட்டிலிருந்தும் ஒரே வீச்சில் உருவிவிடலாம், உருவினாள். உருவியதும் முகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. முக்கியமான அறுபது ஷாட்டையாவது கையால் நேராக்க வேண்டும். நேராக்க ஓர் அளவு வேண்டும். மகாராணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லியைத் திரைக்கு வலப்பக்கம், மகாராணிக்கு நேர் கீழே உட்கார வைத்து, அளவு விளக்கை அவள்மேல் போட்டாள்.

"அசையாத. நீதான் இனி அளவு."

மணி பன்னிரண்டாகிவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்தால் தீர்ந்தது. சின்ன டைரக்டர் கதவில் சாய்ந்து நின்று, "இன்னும் கொஞ்சம் சார், இதோ சார்" என்று இரண்டு தடவை அவரைத் திருப்பி அனுப்பினாள்.

அக்கா திரையைப் பார்த்தாள், ஒல்லியைப் பார்த்தாள், நிறத்தை ஏற்றி இறக்கும் உருண்டையை உருட்டினாள். ஒரு ஷாட், இரண்டு ஷாட், பத்து ஷாட். இருபதாவதில் ஒல்லி மெல்லக் கூப்பிட்டாள்.

"அக்கா. எங்க போறீங்க?"

"எங்கயும் போகலையே."

"திரையைப் பாருங்க. நான் போய்க்கிட்டிருக்கேன்."

பார்த்தாள். ஒல்லி சொன்னது சரி. முகம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அக்காவின் கை உருண்டையை மெள்ள மெள்ளத் தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளச் சொல்லி அவள் நினைக்கவில்லை. இந்த மாதிரிக் கையை எத்தனை பேய்ப் படத்தில் பார்த்திருக்கிறாள்! வெட்டிப் போட்டாலும் தரையில் ஊர்ந்து வந்து கழுத்தைப் பிடிக்கிற கை. அதற்கெல்லாம் நிறம் பார்த்துக் கொடுத்தவளே அவள்தான். அப்போது சிரிப்பாக இருக்கும்.

"பிடிச்சுக்கோ" என்றாள். "என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கோ. ஏறினா அமுக்கு."

மீதி நாற்பது ஷாட்டையும் அப்படித்தான் முடித்தார்கள். ஒல்லி ஒரு கையால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கை நழுவும்போதெல்லாம் பட்டென்று ஒரு அழுத்து. பள்ளிக்கூடத்தில் எழுதப் பழக்குகிற மாதிரி. மூன்றே முக்காலுக்கு மணிக்கட்டில் நாலு விரல் தடம் பதிந்திருந்தது.

*

கதவு திறந்தது. முதலாளி. உள்ளே வந்தவர் வழக்கம்போல வலப்பக்கம் பார்த்தார்.

"மகாராணி ஏன் சுவரைப் பார்த்துட்டு இருக்காங்க?" திரையைப் பார்த்தார். "இது என்ன? முகமெல்லாம் கீழ விழுந்து கிடக்கு?"

"விழல சார். தூக்கினதை இறக்கி வச்சிருக்கேன். இவ்வளவு நாளும் நான்தான் தூக்கி வச்சிருந்தேன். அதனாலதான் கண்ணாடி வேலை செய்யல."

முதலாளிக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை மேடம் முன்னாடி சொல்லாத. நம்ம கையில வந்த படமெல்லாம் இப்படித்தான்னு தெரிஞ்சா என் மரியாதை என்னாகும்? பழையபடி வை. பேய் முடிவை ஓட்டு."

"நேரம் இல்ல சார்."

"ஒரு பட்டன்தானே? அமுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டுக்கொண்டார். "உன் ஃபைல் என் மேஜைமேல இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

அதற்குள் மேடம் வந்துவிட்டார். வெண்பட்டு போன்ற தலைமுடி, மெல்லிய செண்ட் வாசம், எல்லாரையும் பார்த்து ஒரு பொதுச் சிரிப்பு. நடு நாற்காலியில் உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது.

பூங்கொத்துக் காட்சியில் மேடம் வாய்விட்டுச் சிரித்தார். வாழ்த்து அட்டையைப் பார்த்ததும், "எங்க பில்டிங் செக்ரட்டரி அப்படியே உரிச்சு வச்ச மாதிரி!" என்றார். மூன்றாம் நாள் லிஃப்டில் சிரிப்புக் குறைந்தது. நாலாம் நாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள். முதலாளியால் பொறுக்க முடியவில்லை.

"நிறுத்து, நிறுத்து. மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. முகம் கொஞ்சம் இருட்டா இருக்கு, மெஷின் கோளாறு. அக்கா, அதை அமுக்கும்மா."

படம் நின்றது. திரையில் இரண்டு முகமும் அருகருகே. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நீல ஃபைல் கண்ணுக்குள் வந்து போனது. மகளின் பள்ளிக்கூடம், ஏழாவது மாடியில் அந்த ஒண்டிக் குடித்தனம், எல்லாம் வந்து போயின.

"அமுக்கறேன் சார்" என்றாள். "மேடமும் பார்க்கட்டும்."

அழுத்தினாள். நிஜ முகம் வெளுத்து மேலே போய்க் கண்ணாடி முகத்தோடு ஒட்டியது.

விட்டாள். பிரிந்து கீழே வந்தது.

மறுபடி அழுத்தினாள். விட்டாள். 'டக்', 'டக்' என்ற அந்தச் சத்தம் மட்டும்.

மேடம் முன்னால் குனிந்தார். "எது நிஜம்?"

"அமுக்காம இருக்கும்போது வர்றது மேடம்."

"அப்போ இந்த பட்டன்..."

"பதினாலு வருஷமா இருக்கு. எல்லாப் படத்துலயும்."

"நான் வாங்கினதுலயும்?"

"இங்க வேலை நடந்த படம்னா, அதுலயும்."

மேடம் முதலாளியைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தார். "இன்னொரு தடவை அமுக்கு" என்றார். அழுத்தியதும், "வேண்டாம், எடு, எடு" என்று கையை உதறினார். பிறகு, யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்பதுபோலச் சுற்றிப் பார்த்தவர், வலப்பக்கம் பார்வை போனதும், "ஐயோ!" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அளவு விளக்கு அணைந்திருந்த மூலையில் ஒல்லி உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் பொண்ணு எப்ப வந்துச்சு?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே இங்கதான் மேடம் இருக்கேன்" என்றாள் ஒல்லி. "நீங்க உட்காரும்போது உங்க கைப்பையை என் மடியிலதான் வச்சீங்க."

கைப்பை அவள் மடியில்தான் இருந்தது. மேடத்தின் கன்னத்தில் சிவப்பு ஏறி இறங்கியது. கை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார், ஆனால் அதைத் திறக்கவில்லை.

"ஓட்டுங்க" என்றார். "கடைசி வரைக்கும் ஓட்டுங்க. யாரும் நிறுத்தக் கூடாது."

ஏழாம் நாள் கதவு மூடியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். விளக்கு வந்தது.

"எனக்கு இந்தப் படம் பிடிக்கல" என்றார் மேடம். "லிஃப்ட்ல ஏறவே யோசனையா இருக்கும் இனிமே. இருபது தியேட்டர்ல போடறேன். இதே முடிவு, இதே முகம். ஒரு பொட்டு மாறக் கூடாது."

வாசல்வரை போனவர் திரும்பி ஒல்லியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொன்னாலும் அந்த வாழ்த்து அட்டை மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, சொல்லாமலே போனார். அவர் படியில் இறங்கிப் போகிற சத்தம் நாலு மாடிக்கும் கேட்டது.

*

ஐந்தரைக்கு முதலாளி நீல ஃபைலோடு வந்தார். மேஜைமேல் வைத்தார்.

"போட்டுட்டேன். ஒரு வருஷத்துக்கு."

"எப்பவும் மூணு வருஷம் சார்."

"எப்பவும் நீ நான் சொன்னதைக் கேட்ட." அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. சுவர்ப் பக்கம் போய் மகாராணியை நேராகத் திருப்பி, தூசியை விரலால் துடைத்துவிட்டார். "இந்தப் படம் இப்படிப் போகட்டும். அடுத்தது காதல் படம். அந்தப் பட்டனை மட்டும் அழிச்சுடாத, என்ன?"

அவர் போனதும் மேஜைப் பலகையை அருகே இழுத்தாள். மூலைப் பட்டனின் மூடியில் எழுத்தே இல்லை. அழுத்தி அழுத்தித் தேய்ந்து வழவழவென்று இருந்தது. நகத்தை அடியில் கொடுத்து நெம்பினாள். 'பட்' என்று கழன்று உள்ளங்கையில் விழுந்தது. பலகையில் ஒரு சின்னப் பொந்து. நாளைக்கு யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். ஒரு வருஷம் இருக்கிறது.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பையிலிருந்து பட்டனை எடுத்துப் பார்த்தாள். விழுந்த பல் மாதிரி இருந்தது. போனில் ஊரில் இருக்கும் அவளுடைய அக்காவிடமிருந்து செய்தி வந்திருந்தது: 'பொண்ணு புது போட்டோ எங்கடி? பார்த்து ரெண்டு மாசம் ஆச்சு.' காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. தலை கலைந்து, முகம் சுளித்து, கருகருவென்று. அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. 'என்னடி, வெயில்ல அலையறாளா?'

என்ன எழுதுவது என்று யோசித்தாள். 'இல்ல. இதுதான் அவ' என்று எழுதினாள். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வெளியே போகிற தெருவும் கடைகளும் அதன் வழியே ஓடின. சரியாகத்தான் தெரிகிறது என்று நினைத்தபோது மடியில் ஏதோ அசைந்தது. குனிந்தாள். இடது கைச் சுண்டுவிரல் கைப்பையின் மூலையில் ஏறி உட்கார்ந்து, விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருந்தது.

வலது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாலு விரல் தடத்தின்மேல் நாலு விரல் சரியாகப் பொருந்தியது. இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்வரை பிடியை விடவில்லை.